கவிழ்த்த பாத்திரம்: 2007-இல் பர்மாவின் பிக்குகள் ஏன் தெருவில் இறங்கினார்கள்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். 2007-இல் பர்மாவில், அதாவது இன்றைய மியான்மரில், ஆயிரக்கணக்கான புத்த பிக்குகள் ராணுவ ஆட்சியை எதிர்த்து ஊர்வலம் போனார்கள் என்று படித்திருக்கிறீர்கள். எல்லாவற்றையும் துறந்தவர்களுக்கு அரசியலில் என்ன வேலை, அவர்களை வெளிநாட்டுக்காரர்கள் யாராவது தூண்டிவிட்டார்களா என்று கேட்கிறீர்கள். இலங்கையில் போரை வாழ்த்திய பிக்குகளைப் பற்றியே கேட்டு வளர்ந்ததால், பிக்குகள் ஒரு சர்வாதிகாரத்தை எதிர்த்தார்கள் என்பதே நம்பும்படியாக இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்புறம், இதற்குக் காவிப் புரட்சி என்று ஏன் பெயர் வந்தது என்று ஒரு சின்னக் கேள்வி. பெயரைக் கடைசியில் சொல்கிறேன். மற்றவை தனித்தனியாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒரே கேள்விதான்: அந்தச் சீவரத்துக்கு, அதாவது பிக்குவின் ஆடைக்கு, இருக்கும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது, அது யார் பக்கம் நிற்கும்?

நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாலி மொழி படித்தும் சொல்லிக்கொடுத்தும் வருகிறேன். பிக்குகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய பிடகம்தான் என் தனிப்பாடம். 2009-க்குப் பிறகு சில ஆண்டுகள் தாய்லாந்து எல்லையில் மே சோட் நகரத்தில், பர்மிய அகதிப் பிள்ளைகளுக்கான ஒரு பள்ளியில் வேலை பார்த்தேன். அந்த ஊர்வலங்களில் நடந்துவிட்டுத் தப்பி வந்த இளம் பிக்குகள் சிலரோடு அங்கே பழக்கம் ஏற்பட்டது. ஆகவே விநயம் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். தளபதிகளின் மனத்துக்குள் என்ன ஓடியது என்பதெல்லாம் என் ஊகமே. அப்படிச் சொல்லும் இடங்களில் ஊகம் என்றே சொல்லிவிடுகிறேன்.

நடந்ததிலிருந்து தொடங்குவோம். 2007 ஆகஸ்ட் 15 அன்று ராணுவ அரசு முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் எரிபொருள் மானியத்தை எடுத்துவிட்டது. டீசல் விலை ஒரே நாளில் இரண்டு மடங்கு ஆனது. வண்டிகளுக்குப் போடும் இயற்கை எரிவாயு ஐந்து மடங்கு ஆனது. ரங்கூனின் புறநகரிலிருந்து வேலைக்கு வரும் கூலித் தொழிலாளியின் அன்றைய சம்பளத்தில் பெரும்பகுதியை பஸ் கட்டணமே தின்றது. அரிசி, எண்ணெய் எல்லாம் லாரியில்தானே வரவேண்டும், அவையும் ஏறின. முதலில் எதிர்த்தவர்கள் பிக்குகள் அல்ல. 1988 மாணவர் எழுச்சிக்குத் தலைமை தாங்கிப் பல ஆண்டுகள் சிறையில் கழித்த மின் கோ நைங் போன்றவர்கள் ஆகஸ்ட் 19 அன்று ரங்கூனில் நடந்தார்கள். இரண்டே நாளில், இரவோடு இரவாக, அவரையும் தோழர்களையும் பிடித்து அடைத்துவிட்டார்கள். வழக்கமாக அந்த நாட்டில் ஒரு போராட்டம் அதோடு முடிந்துவிடும்.

இந்தமுறை முடியாததற்குக் காரணம் பிண்டபாதம், அதாவது பிக்குகள் தினமும் உணவு ஏற்கப் போவது. பர்மாவில் வழங்கும் தேரவாதப் பௌத்தத்தில் பிக்கு சமைக்கக் கூடாது, உணவைச் சேர்த்து வைக்கக் கூடாது. தினமும் விடியற்காலையில் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் நிற்கவேண்டும், வாய் திறந்து கேட்கவும் கூடாது. அன்று காலை அந்த வீட்டில் என்ன பொங்கினார்களோ அதில் ஒரு பங்கு பாத்திரத்தில் விழும். யோசித்துப் பாருங்கள், ஒரு நாட்டில் விலைவாசி ஏறினால் அதை முதலில் கண்ணால் பார்ப்பவர் யார்? ஒவ்வொரு வாசலிலும் தினமும் நிற்பவர்தான். மே சோட்டில் நான் பழகிய ஒரு பிக்குவுக்கு அப்போது இருபத்து நான்கு வயது இருக்கும். ஒரு மூதாட்டியைப் பற்றி அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. வழக்கமாகக் கை நிறையச் சோறும் ஒரு கறியும் போடுகிறவர், அந்த ஆகஸ்டில் ஒரு கரண்டிச் சோறு மட்டும் போட்டுவிட்டுக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டாராம். "என்னிடம் அந்தக் கிழவி மன்னிப்புக் கேட்கவேண்டியதில்லை. கேட்கவேண்டியவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள்" என்றார் அவர்.

இன்னொரு காரணம் பருவம். ஆடிப் பௌர்ணமியிலிருந்து ஐப்பசிப் பௌர்ணமி வரை மழைக்காலத் தவம், பாலியில் வஸ்ஸ. அந்த மூன்று மாதமும் பிக்குகள் ஊர் சுற்றாமல் ஒரே விகாரையில் தங்கவேண்டும். அதனால் பெரிய பாடசாலை விகாரைகளில் நூற்றுக்கணக்கான இளம் பிக்குகள் ஒன்றாக இருந்தார்கள். ஐராவதி ஆற்றங்கரையிலுள்ள பக்கோக்கு அப்படிப்பட்ட ஊர்தான். மாந்தளைக்கு அடுத்தபடியாகப் பாலிப் படிப்புக்குப் பெயர் பெற்றது. செப்டம்பர் 5 அன்று அங்கே சில நூறு பிக்குகள் 'மெத்த சுத்தம்' என்ற பாலி அன்பு உபதேசத்தை ஓதிக்கொண்டு நடந்தார்கள். படையினர் வானத்தை நோக்கிச் சுட்டார்கள், பிறகு சில பிக்குகளைப் பிடித்துக் கம்பத்தில் கட்டி அடித்தார்கள். அடித்தது உறுதி. ஒரு பிக்கு இறந்துவிட்டார் என்ற செய்தியும் அப்போது நாடு முழுக்கப் பரவியது, அது உறுதிப்படவில்லை. மறுநாள் அதிகாரிகள் பேச வந்தபோது, கோபத்தில் இருந்த இளம் பிக்குகள் அவர்களைப் பல மணி நேரம் விகாரைக்குள் பிடித்து வைத்து, வந்த வண்டிகளுக்குத் தீ வைத்தார்கள். இதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அவர்கள் கோபமே வராத சிலைகள் அல்ல.

அதன் பிறகு அகில பர்மா பிக்குகள் கூட்டணி என்ற பெயரில் ஓர் அமைப்பு நான்கு கோரிக்கைகளை வைத்தது. பக்கோக்குவில் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும். விலைகளைக் குறைக்கவேண்டும். ஜனநாயகத் தலைவர் ஆங் சான் சூச்சி உட்பட அரசியல் கைதிகளை விடுவிக்கவேண்டும். ஜனநாயக சக்திகளோடு பேசவேண்டும். கெடு செப்டம்பர் 17. மன்னிப்பு முதல் இடத்தில் நிற்பதைக் கவனியுங்கள். வெளியிலிருந்து எழுதியவர்கள் பலர் கடைசி இரண்டு கோரிக்கைகளையே பெரிதாக எழுதினார்கள். விநயம் படித்தவனுக்கு முதலாவதுதான் கண்ணில் படும், ஏனென்றால் அடுத்து வந்த நடவடிக்கை முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

கெடு முடிந்தது, மன்னிப்பு வரவில்லை. பிக்குகள் பாத்திரத்தைக் கவிழ்த்தார்கள். பாலியில் இதற்குப் பத்த நிக்குஜ்ஜன கம்மம் என்று பெயர். 'பத்த' என்பது நம் பாத்திரம்தான். 2007-இல் யாரோ கண்டுபிடித்த உத்தி இல்லை இது. விநய பிடகத்தில் இதற்கென்று ஒரு கதையும் விதியும் உண்டு. லிச்சவி குலத்து வட்டன் என்பவன், சில கெட்ட பிக்குகளின் பேச்சைக் கேட்டு, தப்ப மல்லபுத்தர் என்ற குற்றமற்ற பிக்குவின்மேல் தன் மனைவியைக் கெடுத்துவிட்டதாகப் பொய்ப்பழி போடுகிறான். விசாரித்த புத்தர், வட்டனுக்கு எதிராகச் சங்கம், அதாவது பிக்குகளின் சமூகம், பாத்திரத்தைக் கவிழ்க்கட்டும் என்கிறார். அவன் வீட்டில் இனி எந்தப் பிக்குவும் உணவு வாங்கமாட்டார், அவனோடு சங்கத்துக்குக் கொடுக்கல் வாங்கல் இல்லை. புத்தரின் சீடர் ஆனந்தர் போய் இதைச் சொன்னதும் வட்டன் அங்கேயே மயங்கி விழுகிறான். பிறகு உறவினரோடு வந்து, காலில் விழுந்து, தவறை ஒப்புக்கொள்கிறான். சங்கம் கூடிப் பாத்திரத்தை நிமிர்த்துகிறது.

எட்டுக் காரணங்களுக்காக ஒரு இல்லறத்தாருக்கு இப்படிச் செய்யலாம் என்று விதி சொல்கிறது. பிக்குகளுக்குக் கிடைப்பதைக் கெடுக்க முயல்வது, அவர்களுக்குத் தீங்கு நினைப்பது, தங்க இடமில்லாமல் செய்வது, ஏசுவது, பிக்குகளுக்குள் பிளவு மூட்டுவது, புத்தரையோ தர்மத்தையோ சங்கத்தையோ இழிவாகப் பேசுவது. பக்கோக்குவில் பிக்குகளைக் கட்டி அடித்தது இதில் அடங்குமா என்றால், அடங்கும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஓர் அரசு முழுவதையும், அதன் ஊழியர்களையும் குடும்பங்களையும் சேர்த்து, 'ஓர் இல்லறத்தான்' என்று எடுத்துக்கொள்ள விதி இடம் தருகிறதா என்பது வேறு. அங்கே விநய ஆசிரியர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. என் வாசிப்பில் இடம் உண்டு, ஆனால் எதிர்க்கருத்தும் நேர்மையான வாசிப்புதான், எல்லாரும் அரசுக்குப் பயந்து சொன்னதல்ல.

இதன் வலி நமக்கு உடனே பிடிபடாது. பிச்சை வேண்டாம் என்றால் நஷ்டம் வாங்காதவருக்குத்தானே என்று தோன்றும். பர்மாவில் கணக்கு தலைகீழ். பிண்டம் போட்டவர்தான் கும்பிடுவார், வாங்கும் பிக்கு நன்றி சொல்வதில்லை. ஏனென்றால் அங்கே உண்மையில் கொடுப்பவர் பிக்கு. அவர் கொடுப்பது புண்ணியம். மறுபிறவி நல்லபடி அமையவும், செத்த தாய் தகப்பனுக்குப் புண்ணியம் போய்ச் சேரவும், மகனுக்குச் சீவரம் போர்த்தவும் பிக்கு வேண்டும். தளபதிகளும் இதே நம்பிக்கையில் வளர்ந்தவர்கள்தான். ராணுவ அரசின் தொலைக்காட்சியில் தினமும் ஓடிய காட்சி, சீருடையில் ஒரு தளபதி மூத்த பிக்குவின் முன் மண்டியிட்டுத் தானம் கொடுப்பதுதான். 1999-இல் ரங்கூனில் உள்ள புனிதமான ஷ்வேதகோன் கோபுரத்தின் உச்சிக்குடையைப் புதுப்பித்து ஏற்றியதும் அவர்கள்தான். தேர்தலில் ஜெயிக்காத அரசுக்கு அந்த மண்டியிடலே அங்கீகாரம். பாத்திரம் கவிழ்ந்தால் அது போய்விடும். பர்மிய மொழியில் வேலைநிறுத்தத்துக்கு வழங்கும் சொல்லே 'தபெய் மௌக்', அதாவது பாத்திரத்தைக் கவிழ்த்தல். ஆலைத் தொழிலாளியும் மாணவரும் வேலை நிறுத்தினாலும் அதே சொல்தான். அந்த மக்களின் நாவில் எதிர்ப்பு என்பதன் வடிவமே அந்தப் பாத்திரம்.

செப்டம்பர் 18 முதல் ஊர்வலங்கள் தொடங்கின. 1988-இல் ராணுவம் மக்கள் எழுச்சியை நசுக்கி ஆட்சியைத் தன் கையில் எடுத்த அதே தேதி. முதல் சில நாள்கள் பிக்குகள் பொதுமக்களைச் சேரவேண்டாம் என்றே கேட்டுக்கொண்டார்கள். அடி விழுந்தால் அது தங்களோடு போகட்டும் என்று. மக்கள் சேராமல், இருபுறமும் கைகோத்துச் சங்கிலியாக நின்று நடுவில் பிக்குகளை நடக்கவிட்டார்கள். மழை நாள்கள், முழங்கால் தண்ணீரிலும் வெறுங்காலோடு நடந்தார்கள். சிலர் முன்வரிசையில் கவிழ்த்த பாத்திரத்தை உயரப் பிடித்திருந்தார்கள். கோஷம் பெரும்பாலும் இல்லை, மெத்த சுத்தம் மட்டும். தாய் தன் ஒரே பிள்ளையை உயிரைக் கொடுத்துக் காப்பதுபோல எல்லா உயிர்கள் மீதும் எல்லையற்ற அன்பைப் பரப்பவேண்டும் என்பது அதன் பொருள். துப்பாக்கி நீட்டி நிற்கும் சிப்பாய்க்கு அது சின்ன வயதிலிருந்து மனப்பாடம். 22-ஆம் தேதி ஒரு குழு, தடுப்பைத் தாண்டி, வீட்டுக்காவலில் இருந்த ஆங் சான் சூச்சியின் வீட்டு வாசலுக்கே போய்விட்டது. அவர் கதவருகே வந்து கைகூப்பி நின்றார். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு மக்கள் அவரைப் பார்த்தது அப்போதுதான். 24-ஆம் தேதி ரங்கூனில் நடந்தவர்கள் ஐம்பதாயிரம் என்றும் ஒரு லட்சம் என்றும் சொல்வார்கள். பெண் துறவிகளும் வந்தார்கள். நகைச்சுவைக் கலைஞர் சர்கனார், நடிகர் சோ து போன்றவர்கள் பகிரங்கமாகப் பிக்குகளுக்கு உணவு கொடுத்து, அதற்காகக் கைதானார்கள்.

26-ஆம் தேதி ஷ்வேதகோன் வாசலில் தடியடி, கண்ணீர்ப்புகை. அன்றிரவும் மறுநாளும் விகாரைகளுக்குள் படை புகுந்தது. தென் ஒக்கலாப்பாவில் ங்வே சா யான் விகாரை சூறையாடப்பட்டது. பிக்குகளின் சீவரத்தைக் களைந்து லாரியில் ஏற்றினார்கள். ஒருவரைச் சங்கத்திலிருந்து நீக்க விநயத்தில் முறை உண்டு, அது சங்கத்தின் கையில் இருக்கிறது, சிப்பாயின் கையில் இல்லை. அரசு கண்டுபிடித்த சமாதானம், இவர்கள் 'போலிப் பிக்குகள்' என்பது. 27-ஆம் தேதி சூலே கோபுரத்தருகே ஜப்பானியப் பத்திரிகையாளர் கென்ஜி நாகாயை மிக அருகிலிருந்து சுட்டுக் கொன்றது படமாகி உலகெங்கும் போனது. உடனே இணையத்தைத் துண்டித்தார்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் அரசு பத்துப் பதினைந்து பேர் என்ற அளவிலேயே நின்றது. ஐ.நா.வின் மனித உரிமைச் சிறப்பு அறிக்கையாளர் பவுலோ செர்ஜியோ பின்ஹெய்ரோ குறைந்தது 31 பேர் என்றார். குறைந்தது என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். ஏறத்தாழ 3,000 பேரைப் பிடித்ததாக அரசே ஒப்புக்கொண்டது. தலைமை தாங்கியவர்களில் ஒருவரான ஊ கம்பீராவுக்கு 68 ஆண்டு சிறை. 2012-இல் வெளியே வந்தபோது அவர் உடலாலும் மனத்தாலும் நொறுங்கிப்போயிருந்தார்.

வெளிநாட்டுச் சதியா என்று கேட்டீர்கள். அரசு அப்படித்தான் சொன்னது. இதில் உண்மையான பகுதி இது: ஆஸ்லோவிலிருந்து இயங்கிய பர்மிய ஒலிபரப்பும் மேற்கத்திய வானொலிகளின் பர்மிய சேவைகளும் பக்கோக்குச் செய்தியையும் கெடுவையும் கிராமம் கிராமமாகக் கொண்டு சேர்த்தன. அவற்றில் மேற்கத்திய நாட்டுப் பணமும் இருந்தது. ஒளித்துவைத்த சிறு கேமராக்களில் பர்மிய இளைஞர்கள் எடுத்த படங்கள் வெளியே போனதும் அந்த வழியில்தான். ஆனால் வானொலி செய்தியைத்தான் பரப்பும். டீசல் விலையை ஏற்றியது அரசு, பிக்குவைக் கம்பத்தில் கட்டியதும் அரசு. இரண்டும் தலைநகர் நேப்பிடாவில் உட்கார்ந்தவர்கள் எடுத்த முடிவுகள். மே சோட்டுக்கு வந்த பிக்குகள் கையில் நான் பார்த்தது ஒரு துணிப்பையும் பாத்திரமும்தான்.

துறவிக்கு அரசியல் எதற்கு என்ற கேள்வியைப் பர்மாவில் கேட்டால் அவர்களுக்கு விசித்திரமாக இருக்கும். பிக்குகளுக்கு அங்கே ஓட்டுரிமையே கிடையாது, தேர்தல் அரசியலிலிருந்து சட்டமே அவர்களை விலக்கிவைத்திருக்கிறது. ஆனால் அரசனைத் தட்டிக்கேட்பது வேறு விஷயம். பர்மியப் பௌத்தர்கள் சின்ன வயதிலேயே படிக்கும் ஒரு பட்டியல் உண்டு, ஐந்து பகைகள். வெள்ளம், நெருப்பு, கள்வர், ஆகாத வாரிசுகள், அப்புறம் அரசர்! ஆள்பவரை இயற்கைப் பேரிடரோடு சேர்த்து எண்ணுகிற மரபு அது. வெள்ளைக்காரன் காலத்திலும் இதே கதைதான். 1919-இல் மாந்தளையில் கோபுரத்துக்குள் பூட்ஸ் காலோடு நுழைந்த ஐரோப்பியர்களைப் பிக்குகள் அடித்து வெளியேற்றினார்கள். ஊ ஒத்தமா என்ற பிக்கு 1921-இல் ராஜத்துரோகத்துக்காகச் சிறை போனார். ஊ விசாரா சிறையில் சீவரம் அணியும் உரிமை கேட்டு 166 நாள் உண்ணாவிரதம் இருந்து 1929 செப்டம்பர் 19 அன்று உயிர் விட்டார். ரங்கூனில் ஷ்வேதகோனுக்குப் பக்கத்தில் அவர் பெயரில் சாலையும் சிலையும் இருக்கின்றன. 2007-இல் நடந்தவர்களுக்கு இவர்கள் பாடப்புத்தகத்துப் பெயர்கள்.

பாத்திரம் கவிழ்த்ததிலும் 2007 முதல்முறை இல்லை. 1990 தேர்தலில் சூச்சியின் கட்சி 485 இடங்களில் 392-ஐப் பிடித்தும் ராணுவம் ஆட்சியைக் கொடுக்கவில்லை. அந்த ஆகஸ்டில், 1988 எழுச்சியின் நினைவு நாளில், மாந்தளையில் பிக்குகள் பிண்டபாதம் போனபோது படை சுட்டது. மாந்தளைச் சங்கம் பாத்திரத்தைக் கவிழ்த்தது. ராணுவக் குடும்பங்களின் சாவு வீட்டுக்குக்கூடப் பிக்கு வரவில்லை. அக்டோபரில் நூற்றுக்கும் மேற்பட்ட விகாரைகளுக்குள் ராணுவம் நுழைந்து, தான் அங்கீகரித்த ஒன்பது பிரிவுகளைத் தவிர மற்ற எல்லாச் சங்க அமைப்புகளும் செல்லாது என்று ஆணை போட்டது. 47 மூத்த பிக்குகள் கொண்ட அரசுச் சங்க மகாநாயக்கக் குழு 1980-இலேயே உருவாக்கப்பட்டுவிட்டது. ஆக, 2007-இல் மேல்மட்டச் சங்கம் பெரும்பாலும் அரசின் பிடியில். தெருவில் இறங்கியவர்கள் இருபதுகளில் இருந்த மாணவப் பிக்குகள். 'பிக்குகள்' என்று மொத்தமாக ஒரு கூட்டத்தைக் கற்பனை செய்துகொண்டால் இது புரியாது. நாட்டில் ஏறத்தாழ நான்கு லட்சம் பிக்குகள், அவர்களுக்குள் எத்தனையோ விதம்.

இப்போது உங்கள் நெஞ்சில் உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் சந்தேகம் தவறில்லை. பர்மாவிலும் அந்த முகம் உண்டு, புதிதாக முளைத்ததும் அல்ல. 1938-இல் ரங்கூனில் இந்திய முஸ்லிம்களுக்கு எதிராக மூண்ட கலவரத்தில் பிக்குகள் முன்னணியில் இருந்தார்கள். சில மாதம் கழித்து, 1939 பிப்ரவரியில், மாந்தளையில் ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்து நடந்து குண்டடிபட்டுச் செத்த 17 பேரில் ஏழு பேர் பிக்குகள். ஒரே காலம், ஒரே சீவரம். 2013-இல் மெய்க்திலாவில் முஸ்லிம்கள் வெட்டப்பட்டபோது, முஸ்லிம் வெறுப்பைப் பேசிய விராது போன்ற பிக்குகளின் பேச்சுகள் நாடெங்கும் விற்றுக்கொண்டிருந்தன. அதே ஊரில் ஊ விதுத்தா என்ற விகாரைத் தலைவர் நூற்றுக்கணக்கான முஸ்லிம்களைத் தன் விகாரைக்குள் வைத்துக் கதவைச் சாத்தி, கும்பலிடம் "என்னைக் கடந்து போங்கள்" என்ற பொருளில் பேசி நின்றார்.

இலங்கைக்கும் இதற்கும் உண்மையான தொடர்பு ஒன்று உண்டு, அது நம்மை நேரடியாகத் தொடுகிறது. மகாவம்சத்தில், எல்லாளனை வென்ற துட்டகாமணி இத்தனை உயிரைக் கொன்றோமே என்று வருந்தும்போது, அரகந்தர்கள், அதாவது முக்தியடைந்த பிக்குகள், வந்து ஆறுதல் சொல்வதாக ஓர் இடம் வரும். செத்தவர்களில் மனிதக் கணக்கில் சேர்வது ஒன்றரைப் பேர்தான் என்பார்கள். மும்மணிகளில், அதாவது புத்தர், தர்மம், சங்கம் ஆகியவற்றில், சரணடைந்தவன் அரை, ஐந்து சீலங்களையும் ஏற்றவன் ஒன்று, மற்றவர்கள் மிருகத்துக்குச் சமம். அந்தக் கணக்கில் வராதவர்கள் தமிழர்கள். இந்தக் கதையை 2017 அக்டோபர் இறுதியில், ஏழு லட்சம் ரோஹிங்கியாக்கள் வங்கதேசத்துக்கு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், பர்மாவின் மிகுந்த செல்வாக்குள்ள பிக்குகளில் ஒருவரான சித்தகூ சாயாதோ, கரென் மாநிலத்தில் ராணுவ அதிகாரிகளுக்கு முன்னால் உபதேசமாகச் சொன்னார். பாலி சொல்லிக்கொடுக்கும் தமிழனாக அன்று எனக்கு ஏற்பட்ட வேதனையைச் சொல்லி மாளாது. புத்தரின் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததாகப் பிடகத்தில் எங்கும் இல்லை. அது பல நூற்றாண்டு கழித்து ஒரு பிக்கு எழுதிய வரலாற்றுக் காவியத்தின் வரி. இதை நான் முழு உறுதியோடு சொல்வேன்.

ஆகவே என் பதில் இதுதான். சீவரத்தின் அதிகாரம் மக்கள் அதன்மேல் வைத்த நம்பிக்கையிலிருந்து வருகிறது. பசித்த வாசலில் தினமும் நின்றவர்கள் அதை ஒரு பக்கம் எடுத்துப்போனார்கள். இனமும் மதமும் அழிந்துவிடும் என்ற பயத்தில், அல்லது தளபதிகளின் தானத்தில், வளர்ந்தவர்கள் வேறு பக்கம் எடுத்துப்போனார்கள். 2007-இல் நடந்தவர்களிலேயே சிலர் பிற்பாடு முஸ்லிம் வெறுப்புக் கூட்டங்களில் உட்கார்ந்ததும் உண்டு. அது அந்தச் செப்டம்பரைப் பொய்யாக்கிவிடாது.

அந்தப் போராட்டம் ஜெயித்ததா என்றால், நேரடியாக இல்லை. 2008 மே மாதம் நர்கிஸ் புயலில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். அப்போதும் அரசுக்கு முன்னால் அரிசி கொண்டுபோனவர்களில் பிக்குகள் பலர். 2011-க்குப் பிறகு ராணுவம் கொஞ்சம் தளர்ந்து கொடுத்ததற்கு 2007 ஒரு காரணமா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. சீனாவை அதிகம் சார்ந்துவிட்டோமே என்ற கவலைதான் பெரிய காரணம் என்பது என் ஊகம். ஆனால் ஒன்று நடந்தது. 2012 நவம்பரில் லெப்படாவுங் செப்புச் சுரங்கத்தை எதிர்த்து உட்கார்ந்த பிக்குகள்மீது போலீஸ் நடத்திய தாக்குதலில் பலருக்குக் கடுமையான தீக்காயம். இந்தமுறை அமைச்சர்கள் மூத்த பிக்குகள் முன் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டார்கள். பக்கோக்குக்குக் கிடைக்காதது.

2021 பிப்ரவரி ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு நிலைமை வேறு. மாந்தளையில் இளம் பிக்குகள் நடந்தார்கள், ஆனால் 2007-போலச் சங்கம் முன்னணியில் நிற்கவில்லை. பெரிய சாயாதோக்கள், அதாவது மூத்த பிக்குகள், சிலர் ஆட்சியைக் கைப்பற்றிய மின் ஆங் லைங்கின் அருகில் தெரிந்தார்கள். ராணுவ ஆதரவு ஆயுதக் குழுக்களைத் திரட்டும் பிக்குவும் உண்டு, சீவரத்தைக் களைந்துவிட்டு எதிர்ப்புப் படையில் சேர்ந்த பிக்குவும் உண்டு, அகதிகளை விகாரையில் வைத்துக்கொண்டு விமானக் குண்டில் செத்த பிக்குவும் உண்டு. நாட்டின் இளைஞர்கள் பலர் இப்போது சங்கத்தை எதிர்பார்த்து நிற்பதில்லை.

சரி, பெயர். காவிப் புரட்சி என்பது வெளிநாட்டுப் பத்திரிகைகள் வைத்த பெயர். பர்மியப் பிக்குகளின் சீவரம் நம்மூர்ச் சாமியார் காவியோ தாய்லாந்து மஞ்சளோ அல்ல, கருஞ்சிவப்பு. பழந்தமிழில் துவராடை என்பார்களே, கிட்டத்தட்ட அந்த நிறம். பர்மியர்கள் அந்தப் போராட்டத்தின் பெயரில் சொல்லும் நிறம் 'ஷ்வே வா யாவுங்', பொன்மஞ்சள் நிறம். அது துணியின் நிறத்தைச் சொல்வதல்ல, சாசனத்துக்கு, அதாவது புத்தரின் வழிக்கு, அவர்கள் பரம்பரையாகக் கொடுத்துவரும் நிறம்.